பாரிவாக்கத்து ஐம்பதாவது கேஸ்

இது நடந்தது. டாக்டருக்குப் படித்தவன் பேய் பிசாசு என்று உளறுகிறானே என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொன்ன புண்ணியவான் யாரோ, அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்தது பட்டப்பகலில். 1988 மே 19, வியாழக்கிழமை, மதியம் 12.10. கத்திரி வெயில்.

அப்போது நான் எம்.டி. கடைசி வருஷம். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா அடுத்த மாதம் ரிட்டயர்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் பாஸானால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பாஸாகத் தீசிஸ் வேண்டும். ரத்தக்கொதிப்புள்ள ஐம்பது பேருக்குப் புது மாத்திரை கொடுத்து, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பி.பி. பார்த்து எழுத வேண்டும். ஆறாம் மாதம் நாற்பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை. அங்கம்மா, வயது 42, பாரிவாக்கம்.

"வரலைன்னு எழுதிடறேன் சார்" என்றேன், எங்கள் சீஃப் டாக்டர் ஜானகிராமனிடம்.

"ஐம்பதுன்னா ஐம்பதுதான்யா. உட்கார்ந்த இடத்துல எழுதத் தெரியாதா உனக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் அந்த ஆளுக்குக் கார் கதவு திறந்துவிட்டவன் நான். அவர் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். இந்த ஒன்றையாவது நேர்மையாகச் செய்து காட்டுகிறேன் என்ற வீம்பில், இரவல் பி.பி. மிஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் ஈ, காக்கை இல்லை. கடைசி ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அங்கம்மாவா?"

"இன்னா டாக்டரே, இப்பத்தான் ஊடு தெரிஞ்சுதா?"

கோபமாகத்தான் கேட்டாள். எனக்கும் கோபம்தான். "ஆஸ்பத்திரிக்கு ஏன் வரலை?" என்று அதட்டிக்கொண்டே கையைப் பிடித்தேன்.

கை சில்லென்று இருந்தது. அந்த வெயிலில். அந்த ஓட்டு வீட்டில்.

பட்டையைக் கட்டினேன். புஸ்... புஸ்... பாதரசம் இருநூறுக்கு ஏறியது. ஸ்டெத்தை வைத்துக்கொண்டு இறக்கினேன். 180... 150... 100...

சத்தம் இல்லை.

60... 40... பூஜ்யம்.

ஸ்டெத் கெட்டுவிட்டதோ? என் நெஞ்சில் வைத்தேன். டப்... டப்... டப்... நன்றாகக் கேட்டது.

மறுபடியும் அவள் கை. 12.25.

சத்தமே இல்லை.

"கேக்கலியா? நல்லா கேளு."

அங்கேதான் நான் அதைச் செய்தேன். ஒன்றும் கேட்காவிட்டால் எங்கள் கை தானாக என்ன எழுதுமோ, அதை எழுதினேன். 130/80. ஃபார்மை நீட்டினேன். மையைத் தொட்டுப் பெருவிரல் ரேகை வைத்தாள்.

"இன்னா எழுதுனே?"

"நார்மல்."

"அன்னிக்கும் அதான் எழுதுனே..."

என் முகத்தையே பார்த்தாள்.

"அன்னிக்கு இந்தப் பட்டையே நீ கட்டலியே..."

மிஷினை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

சைக்கிளைத் தள்ளும்போது எதிர்வீட்டுப் பெண் கத்தினாள். பெயர் பஞ்சவர்ணம் என்று பிறகு தெரிந்தது. "யாரு நைனா நீ? பூட்டுன ஊட்டாண்ட இன்னா பண்றே?"

திரும்பிப் பார்த்தேன். கதவில் பூட்டு தொங்கியது.

"அங்கம்மா செத்து மூணு மாசம் ஆவுது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு வந்துச்சு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல தலைய வலிக்குதுன்னு உக்காந்துச்சு, அவ்ளோதான். நல்லா கீதுன்னு சீட்டுல எழுதி அனுப்பிக்கீறானுங்க, பாவிங்க!"

பிப்ரவரி 11. மூன்றாம் மாதச் சோதனை நாள். ஃபார்மைப் புரட்டினேன். என் கையெழுத்து. 130/80.

அந்தப் பிப்ரவரியில் எங்கள் ஓ.பி. மிஷினின் ரப்பர் கிழிந்து கிடந்தது. ஒன்பது நாளாகப் புது ரப்பர் வரவில்லை. நோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றது. "மூஞ்சியப் பார்த்து எழுதுய்யா" என்றார் சீஃப். எழுதினேன். அந்த மனுஷனை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

மறுநாள் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபார்மை வாங்கிப் பார்த்தார்.

"கைரேகை இருக்கே. செத்தவ ரேகை வைப்பாளாய்யா? பைண்டிங்குக்குக் கொடு."

கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன். பாஸும் ஆனேன்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் துணிச்சல் வந்தது. அந்த ஒன்பது நாளில் என்னிடம் வந்த மற்றவர்களைத் தேடிப் போனேன். முதலில் திருநின்றவூர் வேலுசாமி. வீட்டில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. கீழே தேதி: 20.2.88.

என் ஃபார்மில் அவர் ஆறாம் மாதக் கைரேகை மே 13-ஆம் தேதி வைத்தது. அவர் வீட்டுக்கு நான் போகவில்லை. அவரே ஓ.பி.க்கு வந்து, வரிசையில் நின்று, என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை நீட்டியிருக்கிறார். நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.