கும்பத்து மண்ணில் முளைத்தது

நான் பயந்தவள். அதை முதலே சொல்லிவிடுகிறேன். என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது கேட்டால் இரவெல்லாம் அவள் தலைமாட்டில் குந்தியிருப்பேன். இடையில் சில வருடம் நின்றிருந்த அது, அவள் ஓ/எல் சோதனைக்குப் படிக்கிற நேரம் பார்த்துத் திரும்ப வந்தது.

பக்கத்துக் காணியில் பிளாட் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பின்வளவோடு மிஞ்சியிருக்கிற தனி வீடு எங்களுடையதுதான். சீமெந்துத் தூசிதான் காரணம் என்று முடிவெடுத்து, அங்கே போய் வாச்சரிடம் என் அரைகுறைச் சிங்களத்தில் "மல்லி, மல்லி" என்று, தம்பி முறை சொல்லிக் கத்திவிட்டு வந்தேன். பாவம் அந்த மனிதன், ஹோஸைப் பிடித்து ரோட்டையெல்லாம் நனைத்துவிட்டான். மகளின் படிக்கிற மேசைக்கு நேரே இருந்த ஜன்னலைச் சாத்தி, கொக்கி போட்டு, தடித்த கேர்ட்டினை இழுத்துவிட்டேன்.

"இனி இதை ஒருத்தரும் திறக்கப்படாது, சொல்லிப்போட்டன்!"

கொஞ்ச நாள் நன்றாக இருந்தாள். அதற்குள் நவராத்திரி வந்தது.

எங்கள் வீட்டில் மண் பரப்பி, நவதானியம் விதைத்து, அதன் நடுவில்தான் கும்பம் வைப்போம். வெள்ளவத்தை மண்ணில் என்ன முளைக்கும்? உப்பும் கல்லும்தான். அதனால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற மச்சாள், என் கணவரின் அக்கா, தன் வளவுச் செம்மண்ணை ஒரு பையில் கட்டி, முருங்கைக்காயோடு சேர்த்து பஸ்ஸில் அனுப்பிவிட்டா. பயறும் உழுந்தும் பச்சைப் பசேலென்று வந்தன. விஜயதசமி முடிந்ததும் மூன்று பேரும் அந்த முளைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். சாமி மண்ணைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது, கால் படக்கூடாது. பின்வளவில் செவ்வரத்தை மரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டேன்.

பயறெல்லாம் வாடிப்போக, வேறொன்று எழும்பியது. முதலில் தரையோடு தட்டுப்போலப் படர்ந்து கிடந்தது. பிறகு நிமிர்ந்து வளர்ந்தது. இலை செவ்வந்தி இலை மாதிரி வெட்டு வெட்டாக, தொட்டால் சுணையாக. கடைசியில் சவ்வரிசி மாதிரிக் குட்டிக் குட்டியாக வெள்ளைப் பூ. களை என்றால் நான் இரக்கம் பார்க்கிறவள் இல்லை. கோரையை வேரோடு கிண்டுவேன், மதிலேறி வருகிற கொடியை அரிவாளோடு போய்ச் சந்திப்பேன். இதில் மட்டும் கை வைக்கவில்லை. சாமி மண்ணில் தானாக வந்தது, பிள்ளைக்குச் சோதனை வருடம், பிடுங்கினால் ஏதும் குற்றம் வந்துவிடுமோ என்று பயம். தண்ணீர்கூட ஊற்றினேன்.

அந்த நாட்களில்தான் முட்டு மோசமானது. ஹோலில் டீவி பார்த்தால் ஒன்றுமில்லை, படிக்கக் குந்தினால் வரும். "படிக்கிற பயம், வேறொண்டுமில்லை" என்றார் கணவர். இந்த ஆம்பிளைகளுக்கு எல்லாம் லேசு! டொக்டர் முட்டுக்கு வாயில் அடிக்கிற பம்பை மாற்றித் தந்தார். வீட்டில் நாய், பூனை இருக்கிறதா என்று கேட்டார். இரண்டுமில்லை என்றேன்.

ஒரு நாள் மச்சாளோடு பின்வளவில் நின்று வீடியோ கோலில் கதைத்துக்கொண்டிருந்தேன்.

"உமக்குப் பின்னால வெள்ளையாப் பூத்து நிக்கிறது என்ன? கிட்டக் காட்டும் பாப்பம்."

காட்டினேன்.

"ஐயோ கடவுளே! பாத்தீனியமெல்லோ! எங்கட பக்கம் இதின்ர பூத்தூள் பட்டுத்தான் சனத்துக்கு உடம்பெல்லாம் கடி, முட்டு. பிள்ளைக்கு ஏலாதெண்டு அழுறீர், இதை வளத்து வைச்சிருக்கிறீரே!"

நான் குழந்தையிலேயே கொழும்புக்கு வந்துவிட்டவள். அந்தப் பேரைக் கேள்விப்பட்டிருந்தேன், செடியைக் கண்டதில்லை. கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"நீங்கள்தானே மச்சாள் மண் அனுப்பினது?"

மச்சாள் மெல்ல, "விதை கிடந்தது எனக்கென்னெண்டு தெரியும் பிள்ளை" என்றா. உடனே குரலை இறுக்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினா. முதலில் செடியை நன்றாக நனைக்கவேணும், அப்போதுதான் தூள் பறக்காது. கையுறை, முகமூடி இல்லாமல் தொடக்கூடாது. வேரோடு பிடுங்கி, உதறாமல், பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டவேணும். பூத்ததை எரிக்கவும் கூடாது, பசளைக் குழியில் போடவும் கூடாது. மேல் மண்ணையும் வழித்துக் கட்டவேணும். பிறகும் முளைக்கும், பூக்க முதல் பிடுங்கவேணும்.

மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் எல்லாவற்றையும் செய்து முடித்தேன். அவளுக்கு மூச்சுக்கூட விடவில்லை. சாமி மண்ணைக் கிண்டி எறிந்தோம் என்று தெரிந்தால், சோதனை நேரத்தில் மனம் உடைந்துபோவாள் என்று நினைத்தேன்.

அதன்பிறகு காலையில் எழும்பினால் முதல் வேலை செவ்வரத்தை அடியில் முழந்தாளிட்டுத் தேடுவதுதான். ஒரு விரற்கடை முளையைக் கண்டாலும் வேரோடு கிள்ளிப் பையில் போட்டுக் கட்டுவேன். சந்தையில் கரட் இலையைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றிருக்கிறேன், கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வளவு சுத்தமாகிவிட்டது. ஒரு பூ இல்லை. ஆனால் மகளின் முட்டு மட்டும் குறையவில்லை. அப்படியென்றால் இது எதனால்? நெஞ்சுக்குள் வேறேதும் பெரிய நோய் வருத்தமோ? கணவரும் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு பின்னேரம் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபோது கதிரை விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போனேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின, உதடு வெளிறிப்போயிருந்தது. பம்பை அடித்தும் கேட்கவில்லை.

"காத்து... அம்மா... ஜன்னல்..."

தூசியாவது மண்ணாவது என்று கேர்ட்டினை இழுத்தேன்.

கண்ணாடிக்கும் கேர்ட்டினுக்கும் நடுவில், தயிர்ச் சட்டி ஒன்றில், அது நின்றது. வெய்யிலைப் பார்த்து நன்றாக வளர்ந்து, உச்சியெல்லாம் வெள்ளையாகப் பூத்து. நான் இழுத்த இழுவையில் அசைந்துகொண்டிருந்தது.

தூள் பறக்குமென்று, பிடுங்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். அவளைக் கட்டித் தூக்கியபடி அறையை விட்டு வெளியே ஓடினேன். கணவர் ஓட்டோவை மறித்தார். கொழும்பு மெயின் ரோட்டான காலி வீதி முழுக்க ஹோர்ன், ஒருத்தனும் விலகவில்லை. நான் கத்திய கத்தலில் என்ன மொழி என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை விட்டார்கள். மெல்ல மெல்லத் தோள் இறங்கியது. பூனைக்குட்டிச் சத்தம் அடங்கியது. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்சம் தெளிந்ததும் அவள் மாஸ்க்கை விலக்கினாள்.

"அம்மா, அந்தச் சட்டியைக் கண்டு ஏசாதேங்கோ. செவ்வரத்தையடியில முளைச்சதில ஒண்டைக் கும்பத்து மண்ணோட எடுத்து வைச்சனான். சரஸ்வதி தந்த செடியெல்லோ. ஒவ்வொரு நாளும் படிக்கத் தொடங்க முதல் அந்தப் பூவைக் கண்ணில ஒத்தி, முத்தம் குடுத்துப்போட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறனான்."

சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து அவள் கண்ணிமையைத் துடைத்தேன், மூக்கைத் துடைத்தேன், உதட்டைத் துடைத்தேன். "காணும் அம்மா, நோகுது" என்றாள். அப்போதும் என் கை நிற்கவில்லை.