மைக் வழியே போன அபசுரங்கள்

மைக்செட் வேலையில் ஒரு வசதி: நாம் செய்கிற தப்பு ஊருக்கே ஒரே நேரத்தில் கேட்டுவிடும். மைக் முன்னால் மானம் போன சக பாவிகளே, கேளுங்கள். பிளஸ் டூ முடித்த கையோடு ஓசூரில் முருகேசன் அண்ணன் கடையில் அறிவிப்புக் குரலாகச் சேர்ந்தேன். யார் குரல் வேண்டுமானாலும் என் தொண்டையில் வரும். பிரச்சினையே அதுதான்.

தக்காளிக்கு இரங்கல்

ராயக்கோட்டைத் தக்காளி வண்டிக்காரருக்கு விளம்பரம் பதிவு செய்தேன். சும்மா இருக்க முடியாமல், சாவு அறிவிப்புக் குரலில் “ராயக்கோட்டைத் தக்காளி... உங்கள் தெருவுக்கு... வந்து சேர்ந்தது” என்று தழுதழுத்தேன்.

மறுநாள் வண்டி பாரம் குறையாமல் திரும்பி வந்தது. “இதுக்குப் பேருதான்டா அபசுரம். தனியாக் கேட்டா தப்பில்ல, சுருதியோட சேராது. வார்த்தை சரி, குரல் சேரல. இன்னொரு தடவை பண்ணா மைக்கப் புடுங்கிருவேன்” என்றார் அண்ணன். வண்டிக்காரர் அழாத குறை.

“ரெண்டு தெருவுல மாலையோட நின்னாங்கப்பா. எத்தன மணிக்கு எடுக்கறாங்கன்னு கேக்கறாங்க!”

இலக்கியச் சேவை

அண்ணன் சொன்ன ‘அபசுரம்’ என்ற சொல் எனக்குப் பிடித்துப்போனது. கதைப் புத்தகங்களைப் புரட்டினால், பாட்டே இல்லாத இடத்திலும் வருகிறது: ‘அவள் பதிலில் ஓர் அபசுரம்’, ‘அந்த வீட்டில் அபசுரம் தட்டியது’. சந்தேகம், பிரிவு, மாமியார், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்! ஜூஜுவாடியில் ஒரு பேக்கரி திறப்பு விழாவில் இறக்கிவிட்டேன். “கணவன் மனைவிக்குள் அபசுரமா? வாருங்கள், தேங்காய் பன் சாப்பிடுங்கள்!”

கடைக்காரரும் அவர் மனைவியும் காலையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்? அந்த அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். கடைக்காரர் “நானு ஹேளில்ல, நானு ஹேளில்ல” என்று, தான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை எனக் கன்னடத்தில் கும்பிட்டார். அக்கா கரண்டியை என் பக்கம் திருப்பினார்.

“எங்க வூட்டுச் சண்டைய பார்டர் தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும் கேக்க வெச்சிட்டியேடா!”

தொண்டை கட்டிய மேனேஜர்

அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி ‘கடைசித் தடவை’ என்று ஒரு வாய்ப்பு வாங்கினேன். ஒரு கம்பெனியில் ஆயுத பூஜை. மேனேஜருக்குத் தொண்டை கட்டியதால் அவர் பேச்சை நான் வாசிக்க வேண்டும், அதுவும் சொந்தக் குரலில். அப்படி ஒன்று எனக்கு இருந்தால்தானே! இரண்டாவது வரியிலேயே, கொஞ்சம் முன்பு அவர் சொல்லிக்கொடுத்த அதே கம்மலும் இழுவையும் வந்துவிட்டன: “ஆங்... சேஃப்டி... க்ஹும்... ஃபர்ஸ்ட்டு.” கம்பெனியே குலுங்கிச் சிரித்தது. அண்ணன் சுவிட்சை அணைக்கப் பாய்ந்தார். மேனேஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க சார். எட்டு வருஷமா இதே பேச்சுதான் பேசறேன், இன்னிக்குத்தான் ஒருத்தனும் ஃபோன நோண்டல.”

ஆக, மைக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சுவிட்ச் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.