அக்காவின் விரல்களுக்காக ஒரு வழக்கு

சில வருடங்களுக்கு முன் நமது உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மாணவன் ஒருவனை ஆசிரியர் அடித்தது அவனுடைய அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று. பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். யார் அவர்களுக்குச் சொல்லப்போகிறார்கள் என்பது இப்போது என் கவலைகளில் ஒன்று. ஆனால் என்னை உலுக்கியது வேறு. இதே வழக்கை என் அம்மா ஒருமுறை போட்டிருந்தார். அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. தோற்ற வழக்கு.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினான்கு. வீடு புளியங்கூடலில். அப்பாவுக்குத் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை. வருடத்தில் இரண்டு தரம் வீட்டுக்கு வருவார். அக்கா படித்தது சற்றுத் தள்ளியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே தலைமை ஆசிரியரின் குடை ஒருநாள் கிணற்றுக்குள் மிதந்தது. போட்டது யாரென்று அக்கா கண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். பொய் சொல்ல அவருக்கு வராது.

“தெரியும் சேர். ஆனால் சொல்ல மாட்டன்,” என்றிருக்கிறார்.

கோடு கீறும் அவருடைய கறுத்த உருளை அடிமட்டம் அக்காவின் வலக்கையின் மேற்புறத்தில் இறங்கியது. எத்தனை அடி என்று அக்காவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன், எண்ணவில்லை என்கிறார். எண்ணாமல் எப்படி ஒருவரால் இருக்க முடிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இரண்டு விரல்கள் முறிந்தன.

பிள்ளைக்கு அடி பலமாகப் பட்டுவிட்டால் வீட்டார் செய்ய வேண்டியது என்னவென்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கதலி வாழைக்குலை ஒன்றும் வெற்றிலையும் கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போய், அவரைக் கோபப்படுத்தியதற்காக மன்னிப்புக் கேட்பார்கள். அம்மா அக்காவை முறிவு வைத்தியரிடம் கூட்டிப்போனார். அங்கிருந்து நேரே பிறக்கிராசியாரிடம் போனார். அந்தச் சட்டத்தரணியிடம் கிளாக்கராக இருந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. கட்டுப் போட்ட கையைக் கண்டதும் அவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டாராம்.

ஊர் அதிர்ந்துபோனது. முறிந்த விரல்களுக்காக அல்ல, வழக்குக்காக. ஊர்த் தலைமைக்காரரான விதானையார் எங்கள் வாசல் படலையில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, கோடு, வழக்கு எண்டு ஏறின பெட்டைக்கு நாளைக்கு ஆர் தாலி கட்டுவான்?”

“முதல் கை சரிவரட்டும், விதானையார். கழுத்தைப் பிறகு பாப்பம்.”

அக்காவுக்குக் கல்யாணக் கவலை ஒன்றும் இருக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அடிச்சது பிழை எண்டு ஒரு ஆள் சொல்லட்டும். அடுத்த நாளே நான் பள்ளிக்கூடம் போறன்.” அந்த ஓர் ஆளைத் தேடித்தான் நாங்கள் நீதிமன்றத்துக்குப் போனோம். அக்காவின் படிப்பு அதிலேதான் தங்கியிருந்தது.

வழக்குக்கு முதல்நாள் அப்பா ஊருக்கு வந்திறங்கியிருந்தார். எங்களோடு அவர் வரவில்லை. தனியாக வண்டி பிடித்து வந்து, தலைமை ஆசிரியரின் ஆட்கள் இருந்த வாங்கில் உட்கார்ந்தார்.

நீதவான் தெற்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. அவருடைய மேடைக்குக் கீழே நின்று, மொழிபெயர்ப்பாளரான முதலியார் ஒருவர் இங்கிலீசுக்கும் தமிழுக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கைக் கூப்பிட்டதும் தலைமை ஆசிரியர் வெள்ளை வேட்டி, சால்வையோடு வாசலில் தோன்றினார். உடனே எல்லோரும் எழுந்து நின்றோம். அவரிடம் படித்தவர்கள் எழுந்தார்கள். பிள்ளைகளைப் படிக்க விட்டவர்கள் எழுந்தார்கள். கள்ளச் சாராய வழக்குக்குப் பொலிசார் பிடித்து வந்திருந்தவர் விலங்கோடு எழுந்தார். முதலியாரும் தலைமை ஆசிரியரின் பழைய மாணவர். பேசிக்கொண்டிருந்த வசனத்தை நடுவில் விட்டுவிட்டுக் கைகூப்பினார். நான் எண்ணினேன்: நாற்பத்திரண்டு பேர். அதில் அம்மாவும் இருந்தார். அக்காவும் இருந்தார். கட்டுப் போட்ட கையை மற்றக் கையோடு சேர்த்து, “வணக்கம் சேர்,” என்றார்.

நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இதில் குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்று அவர் கேட்டதாக மாமா பிறகு சொன்னார்.

அக்கா சாட்சி சொன்னார். குடை, கிணறு, அடிமட்டம், ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“இவரிலை உமக்கு மரியாதை இல்லையோ?” என்று எதிர்த்தரப்புப் பிறக்கிராசியார் கேட்டார்.

“இருக்கு.”

“பிறகேன் வழக்கு?”

“மரியாதை இருக்கு எண்டதுக்காக விரல் நோகாமல் இருக்குமே?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. எதிர்த்தரப்பு அடுத்த சாட்சியாக அவரைக் கூப்பிட்டது. அவர் சாட்சிக் கூட்டில் ஏறி, தலைமை ஆசிரியரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டுப் பேசினார்.

“பிள்ளையை ஒப்படைக்கேக்கை, அடிச்சுத் திருத்துங்கோ எண்டு நான்தான் சொன்னனான். அவர் என்ரை சொல்லைத்தான் செய்தவர்.”

தீர்ப்புக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தகப்பனின் இடத்தில் நிற்கிறார். பிள்ளையைத் தண்டிக்கும் உரிமை தகப்பனுக்கு உண்டு. ஆகவே ஆசிரியருக்கும் உண்டு. தகப்பனே சம்மதம் என்று சொல்லிவிட்டார். வழக்குத் தள்ளுபடி. முதலியார் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது அம்மா எழுந்தார். அவரை யாரும் பேசச் சொல்லவில்லை.

“அப்ப தகப்பனுக்கு அந்த உரிமையை ஆர் குடுத்தது, ஐயா?”

என் அம்மா விதானையாருக்கு முன்னாலேகூட உட்கார்ந்து பேசாதவர். நீதவான் கீழே குனிந்து, என்ன சொல்கிறார் என்று முதலியாரிடம் கேட்டார். முதலியார் அப்பாவை ஒருமுறை பார்த்தார், தலைமை ஆசிரியரை ஒருமுறை பார்த்தார். பிறகு இங்கிலீசில் ஏதோ சொன்னார். நீதவான் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகை செய்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

“என்னடா தம்பி, நான் கேட்டதுக்குச் சிரிக்கிறார்?” என்று வெளியே வந்து அம்மா கேட்டார்.

மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நீ கேட்டது அவருக்குப் போகேல்லை அக்கா. நீ நன்றி சொல்லுறாய் எண்டு முதலியார் இங்கிலீசிலை சொல்லிப்போட்டார்.”

அக்கா அதன்பின் பள்ளிக்கூடம் போகவில்லை. பிழை என்று சொல்ல அந்த ஓர் ஆள் கிடைக்கவில்லை. விரல்கள் இரண்டும் வளைந்தபடியே பொருந்தின.

அன்று நீதிமன்ற வாசலில் அப்பாவின் வண்டி நின்றது. அம்மாவும் அக்காவும் அதில் ஏறவில்லை. கடற்கரைத் தெருவால் நடக்கத் தொடங்கினார்கள். வழக்குத் தோற்ற வெட்கம் என்று நான் நினைத்தேன். வெயில் கொதித்தது. ஓடிப்போய் வண்டியில் அப்பாவின் அருகில் ஏறிக்கொண்டேன். அவர்களைக் கடந்து போகும்போது அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். மணிக்கட்டுவரை மூடிய நீளக்கைச் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. வியர்வையைத் துடைக்க அவர் கையைத் தூக்கியபோது, அதன் விளிம்புக்குக் கீழே கண்டிப்போன தோல் கருநீலமாகத் தெரிந்தது. அப்பா ஊரில் நிற்கும் நாட்களில் மட்டும் அம்மா அந்தச் சட்டைகளைப் போடுவார். அப்பாவுக்குப் பிடித்தவை என்பதால்தான் போடுகிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.