சும்மா நடந்தவள் கையில் சங்கரா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ராயபுரத்தில் ஒரு மீன்காரியிடம் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் ஒரு ரகசியம். மலேசியாவில் என் ஊரான கிள்ளானுக்கு டிக்கெட் போட்டாயிற்று. எனக்கு மட்டும்தான். ஐ.எஸ்.டி. பூத்தில் நின்று அம்மாவிடம் சொல்லியும் ஆயிற்று. கணவருக்கு இங்கே துறைமுகத்தில் இரண்டு வருட வேலை, அவர் இருக்கட்டும். நான் வந்து மூன்று மாதமாகிறது. பேசுவது தமிழ்தான், ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரிக்க ஒரு முகம்கூட இந்த ஊரில் இல்லை. அழுகை அழுகையாக வந்தது.

நடந்து பார்க்காமலா இருந்தேன்? தினமும் நடந்தேன். ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில் சகிதம்... கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து, சர்ச் பக்கம், ரயில்வே கேட் பக்கம் என்று. ஆனால் சந்துக்குச் சந்து ஒரே விசாரணை.

"யாரு வூட்டுக்கு வந்துக்கீற?"

"யார் வீட்டுக்கும் இல்லைங்க, சும்மா நடக்கிறேன்."

அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். சும்மா நடக்கிறவளை யார் நம்புவார்? சர்வே எடுக்க வந்தவள் என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். தெருமுனையில் ஒரு பெண் அப்போதுதான் கூடையை இறக்கி வைத்தாள். என் வயதுதான் இருக்கும். சிவப்பாகப் பளபளத்த சங்கரா மீனைக் காட்டி விலை கேட்டேன். சொன்னாள். தலையாட்டிவிட்டு நடையைக் கட்டினேன்.

"இந்தாம்மே, நில்லு! வெல கேட்டுகினு நீபாட்டுக்குப் போனா இன்னா அர்த்தம்? இன்னும் போணியே ஆவல!"

அன்றைய முதல் வியாபாரம்தான் போணி. அந்த நேரத்தில் விலை கேட்டவள் வாங்காமல் போனால் பொழுதுக்கும் கூடை அசையாதாம். எனக்கென்ன தெரியும்? சூப்பர் மார்க்கெட்டில் மீன் வாங்கிப் பழகியவள். அங்கே ஐஸ் பெட்டி யாரையும் திட்டுவதில்லை!

"சும்மாதான் கேட்டேன்... நான் மலேசியாங்க, இதெல்லாம் தெரியாது. பைகூட கொண்டு வரலை."

"சும்மா கேக்க இது இன்னா எக்சிபிசனா? காலங்காத்தால பேஜார் பண்ணாத யக்கா. வூட்ல மூணு வாயி காத்துகினு கீது. ஒண்ணே ஒண்ணு எடுத்துகினு போ."

வாங்கினேன். நோட்டைக் கண்ணில் ஒற்றி, கூடையை ஒரு சுற்றுச் சுற்றி, மீனைப் பழைய பேப்பரில் சுருட்டிக் கொடுத்தாள். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. அதே சந்துகள், அதே ஆட்கள். ஒருவர்கூட யார் வீட்டுக்கு என்று கேட்கவில்லை!

"சங்கராவா? கொழம்புக்கா, வறுக்கவா?" என்றாள் குழாயடியில் ஒருத்தி. "மாங்கா போடு, சோக்கா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. வழி தெரியாமல் நின்றபோது ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "வெயில்ல மீனு கெட்டுடும்மா, இப்டிக்கா குறுக்கால போ" என்றார். அவர் கவலை மீனைப் பற்றித்தான்... இருந்தாலும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

சும்மா நடப்பவள் வெளியாள். மீனோடு நடப்பவள் குழம்பு வைக்கப் போகிறவள். குழம்பு வைக்கிறவளுக்கு இங்கே ஒரு வீடு இருந்தாக வேண்டுமே!

மறுநாள் காலை வாசலில் சத்தம். அவளேதான், தலையில் கூடையோடு. 'ஷூ போட்டுகினு நடக்குமே, அந்த மலேசியாக்காரி வூடு எது?' என்று விசாரித்தாளாம். தெருவே சேர்ந்து காட்டியிருக்கிறது.

"நேத்து நீ போணி பண்ணியே, ஒரு மணி நேரத்துல மொத்தக் கூடையும் காலி! உன் கை ராசியான கையி யக்கா. இனிமே தெனம் நீதான். வா, கூடைல கை வையி."

வைத்தேன். கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போடவும் வழியில்லை, இன்னும் உரிக்கவே ஆரம்பிக்கவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. பின்னே... நான் பறந்துவிட்டால் அவளுக்கு யார் போணி பண்ணுவது?