பீரோவில் பூட்டிய காது

அந்தப் பயிற்சிக்கு என்னை ஏன் அனுப்பினார்கள் என்பதில் எனக்கு எந்த மயக்கமும் இல்லை. வார்டில் வேறு யாரும் போகத் தயாராக இல்லை, அவ்வளவுதான். எனக்கோ திருச்சியில் இரண்டு நாள் மதியச் சாப்பாடு போடுகிறார்கள் என்றால் எதையும் கற்றுக்கொள்ளும் மனசு உண்டு. வயதானவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு நர்ஸ்கள் எப்படிக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முன் வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தலையாட்டினேன். சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் படிக்கட்டும் என்று கீரனூர் வரை அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டே வந்தேன். அவர் தூங்கிவிட்டார்.

புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டுக்கு நான் பொறுப்பு நர்ஸ். ஆண் நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் 'பிரதர்'. வீட்டில் சண்டை வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, நர்ஸ்கள் உட்காரும் மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டினேன். கற்றதை மற்ற நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாவுக்கட்டு போடும் அறையில் முதல் வகுப்பு.

புரொஜெக்டர் இருந்தது. குரலில் கம்பீரம் இருந்தது. "வயசானவங்க மயக்கம் தெளிஞ்சு முழிக்கும்போது கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூணும் பக்கத்துல இருக்கணும். முழிச்ச ஒடனே போட்டு விடணும். கையைக் கட்டக் கூடாது. பெனாத்துனா ஏன் பெனாத்துறாங்கன்னு பாக்கணும். மறுநாளே எழுப்பி நிக்க வைக்கணும்" என்று பொழிந்துகொண்டிருந்தேன்.

குடுமியான்மலையிலிருந்து வரும் சிஸ்டர் கையைத் தூக்கியது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான்.

"பிரதர், ஒரு சந்தேகம்."

"கேளும்மா. சந்தேகம் வந்தாத்தான் அறிவு."

"பதினோராம் பெட்டு டீச்சரம்மா கையக் கட்டிப் போட்ருக்கோமே, அது எதுல சேரும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரு கட்டச் சொன்னா?"

"நீங்கதான் பிரதர். காலைல ஏழரைக்கு. முடிச்சும் நீங்க போட்டதுதான். நல்ல இறுக்கம்."

அறையே சிரித்தது. புரொஜெக்டர் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தபடி இருந்தது. நெற்றியில் 'கையைக் கட்டக் கூடாது' என்று ஓடியிருக்கும்.

டீச்சரம்மா ஆவூர்க்காரர். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மயக்கம் தெளிந்ததிலிருந்து ஒரே கூச்சல். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார், மூத்திர டியூபை இழுத்தார். சொல்வது ஒன்றும் விளங்கவில்லை. 'குழப்ப நிலை. பேச்சு குழறுகிறது. ஒத்துழைப்பு இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதியது நான். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும்.

நிற்க வைக்க வந்த பிசியோதெரபி பெண், வாக்கரோடு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் திரும்பிப் போய்விட்டது. இன்னும் ஒரு நாள் இப்படியே இருந்தால் தூக்க ஊசி போட்டு அடக்கிவிட்டு, படுக்கையில் வைத்துப் பார்க்கும் முறையை வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வயதில் அப்படிப் படுத்தபடி வீட்டுக்குப் போன யாரும், பிறகு நடந்து வந்து எனக்கு வணக்கம் சொன்னதாக நினைவில்லை.

வகுப்பை விட்டுவிட்டு வார்டுக்கு ஓடினேன். குடுமியான்மலை சிஸ்டர் பின்னாலேயே வந்தது. "அட்மிஷன் போடுறப்ப அவங்க காதுல மெஷின் இருந்துச்சு பிரதர். கண்ணாடியும் போட்ருந்தாங்க."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொன்னேன். 'வேலையப் பாரும்மா'ன்னீங்க."

மகன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், அரசாங்க உத்தியோகம். அம்மாவின் காது மெஷின் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் பத்திரமா இருக்குங்க. செயினு, வளையலு, ஜெபமாலை, மெஷினு, கண்ணாடி, பல்செட்டு அம்புட்டையும் மஞ்சப்பையில போட்டு எங்கிட்டக் குடுத்தாங்க. ஊருக்குக் கொண்டுபோயி பீரோல வச்சுப் பூட்டிட்டேன்."

"காதைப் போயி யாராச்சும் பீரோல வச்சுப் பூட்டுவாங்களாய்யா!" என்று வராண்டாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "ரெண்டு நாளா ஒங்கம்மா காதும் இல்லாம, கண்ணும் இல்லாம, பல்லும் இல்லாமக் கெடக்குறாங்க. அதைப் புத்தி பெரண்டு போச்சுன்னு எழுதி வச்சிருக்கோம்!"

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கதவு வழியே உள்ளே சுவரைக் காட்டினார். 'விலையுள்ள பொருட்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும். தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.' முத்து முத்தான எழுத்து. நான் எழுதிய போர்டு. அதற்கு நேர் மேலே என் சான்றிதழ்.

கோபம் வந்தால் அதை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டும். சிஸ்டர் மேல் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. மகன் மேலும் நிற்கவில்லை. திருட்டுப் பயத்தில் மனுஷியைக் கழற்றிக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் கிடக்கும் உடம்பை வைத்து வைத்தியம் பார்க்கிற எங்கள் ஆஸ்பத்திரி வழக்கத்தின் மேல் வைத்தேன். அது கொஞ்ச நேரம் நின்றது. ஆனால் வழக்கத்துக்குக் கையெழுத்து கிடையாது, எனக்கு இருக்கிறது.

மகனை ஆவூருக்கு விரட்டிவிட்டு, கட்டை அவிழ்க்கப் போனேன். மணிக்கட்டில் துணி பதிந்து சிவந்திருந்தது. வலது கையை அவிழ்த்த மறு நொடி, அந்தக் கை என் காதோடு சேர்த்து ஒன்று வைத்தது. எத்தனை வருட அனுபவம் உள்ள கை! கண்ணில் பூச்சி பறந்தது.

"இது ஒத்துழைப்பா இல்லையா பிரதர்?" என்றது சிஸ்டர். பிறகு தானே டீச்சரம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. வேறொன்றும் செய்யவில்லை. கால் மணி நேரத்தில் கூச்சல் நின்றது. இரண்டு நாளில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத சிகிச்சை.

மதியத்துக்கு மேல் மஞ்சள் பை வந்தது. பல்லை வைத்து, கண்ணாடியைப் போட்டு, மெஷினைக் காதில் பொருத்தினோம். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

"டீச்சர்! கேக்குதா!" என்று அலறினேன்.

"ஏன் இப்புடிக் கத்துறீங்க? கேக்குது." தெளிவான குரல். கடைசி பெஞ்சு வரை போகும் குரல். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். "எவனோ ஒரு ஆளு வந்து வந்து கையக் கட்டிட்டுப் போனான். மொகந் தெரியல. என்னமோ குத்துனாங்க. என்னய எங்கேயோ கொண்டுபோயி அடைச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

"அது... நான்தாங்க டீச்சர்."

சிஸ்டர் குனிந்து அவர் காதோரம் என்னவோ சொன்னது. டீச்சரம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நர்ஸுகளுக்குப் பாடம் நடத்துற வாத்தியாரு நீங்கதானாம்ல? இந்தப் புள்ள சொல்லுச்சு."

"ஆமாங்க."

"மொதல்ல படிங்க."

நான்கு மணிக்கு வாக்கர் வந்தது. இரண்டு பேர் தாங்க எழுந்து நின்றார். முழங்கால் வெடவெடவென்று ஆடியது. மூன்று எட்டு வைப்பதற்குள் வியர்த்துவிட்டது. முதல் நாளே நின்றிருந்தால் இவ்வளவு ஆட்டம் இருந்திருக்காது என்றது பிசியோதெரபி பெண். "பரவாயில்லயே, தெளிஞ்சிட்டாங்களே" என்றார் பெரிய டாக்டர். தெளிவதற்கு அவர் எங்கே கலங்கினார்? கலங்கியது நாங்கள். அந்த இரண்டு நாளை எந்த பீரோவில் தேடி எடுத்துக் கொடுப்பது?

கேஸ் ஷீட்டில் எழுதினேன்: 'நோயாளிக்குக் குழப்பம் இல்லை. காது மெஷின், கண்ணாடி, பல்செட் மூன்றையும் நாங்களே கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கையைக் கட்டியிருந்தோம்.' கீழே கையெழுத்துப் போட்டேன். நர்ஸிங் சூப்பிரண்டு மேடம் கூப்பிட்டு, "இதையெல்லாமா எழுதுவாங்க? அடிச்சுட்டு வேற எழுதுங்க" என்றார். "கேஸ் ஷீட்டுல அடிக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானே மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இன்றும் அந்த அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மறுவாரம் வகுப்பைத் திரும்ப நடத்தினேன். புரொஜெக்டர் இல்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கட்டிலில் படுத்து என் கையைக் கட்டச் சொன்னேன். அவ்வளவு உற்சாகத்தோடு அவர்கள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. ஐந்து நிமிடத்தில் கத்தத் தொடங்கிவிட்டேன். அவிழ்த்துவிட்ட பிறகு பார்த்தால், என் வயிற்றின் மேல் ஓர் அட்டை. 'ஒத்துழைப்பு இல்லை.'

டீச்சரம்மா வீட்டுக்குப் போகும் நாளில், வாக்கரைத் தள்ளிக்கொண்டு எங்கள் மேசை வரைக்கும் தானே வந்தார். சுவரில் இருந்த சான்றிதழை ஒரு வரி விடாமல் படித்தார். அப்புறம் கீழே இருந்த போர்டைப் படித்தார்.

"பேனா இருக்கா? பட்டையா எழுதுறது?"

மார்க்கரைக் கொடுத்தேன். ஒரு கையால் வாக்கரைப் பிடித்தபடி மறு கையைத் தூக்கினார். கால் ஆடியது. தாங்கப் போனேன்.

"புடிக்காதீங்க" என்றார்.

'விலையுள்ள பொருட்களை' என்பதற்குப் பக்கத்தில் குண்டு குண்டாக எழுதினார்: 'கண், காது, பல் நீங்கலாக'. பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே வாக்கரைத் திருப்பினார்.

போர்டில் வெளியாட்கள் எழுதக் கூடாது, உடனே அழிக்கவும் என்று அலுவலகத்திலிருந்து இரண்டு முறை சொல்லி அனுப்பிவிட்டார்கள். வரட்டும், அவர்களே வந்து அழிக்கட்டும். நான் சான்றிதழை மட்டும் கழற்றி மேசைக்குள் போட்டேன்.