நடுவர் ராதோயேவின் நோன்பு

குளிர்காலம் வந்தால் ராதோயே உடம்பு ஊதிவிடுவார் என்பது சாவா ஆற்றங்கரை ஊர்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நவம்பர் கடைசியில் கால்பந்து ஆட்டங்கள் நிற்கும். மைதானத்தைப் பனி மூடும். மனிதர் அடுப்புக்குப் பக்கத்துச் சோபாவில் சாய்ந்தால், மார்ச் மாதம்தான் முழுசாக எழுந்திருப்பார். அப்போது நடுவர் உடுப்பின் அரைக்கால் சட்டை தொடையைத் தாண்டி மேலே வராது. அவர் மனைவி தேசா வருஷாவருஷம் அதைப் பிரித்துப் பிரித்துத் தைத்து, இனிப் பிரிக்கத் தையலே இல்லை என்று கையை விரித்துவிட்டாள்.

மாவட்டத்தில் இருப்பதிலேயே கடைசிப் பிரிவு ஆட்டங்களுக்குத்தான் இவர் நடுவர். அதற்கும் கீழே போனால் பள்ளிக்கூட மைதானம்தான். ஆனால் ஐயா நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே! உலகக் கோப்பையின் இறுதி ஆட்டமே இவர் விசிலுக்காகக் காத்துக் கிடப்பதுபோல இருக்கும். மற்ற நாட்களில் விதைக் கிடங்கில் மூட்டை பார்க்கிற வேலை. அங்கே இவர் அதட்டினால் எலிகூட நகராது. ஞாயிற்றுக்கிழமை அந்த விசிலை வாயில் வைத்து ஊதினால், ஆளுக்கு ஆறடி இருக்கிற பையன்கள் அப்படியே நிற்பார்கள். அந்த ஒரு ஊதலுக்காகத்தான் மனிதர் வாரம் பூராவும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேலிக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

அந்த வருஷம் நடுவர் சங்கம் ஒரு குண்டைப் போட்டது. பிப்ரவரி கடைசியில் எல்லாருக்கும் ஓட்டத் தேர்வு. குறித்த நேரத்துக்குள் மைதானத்தைக் குறித்த சுற்றுகள் ஓடி முடிக்காதவர் விசிலைக் கழற்றி வைத்துவிடலாம்.

ராதோயே அன்றிரவு அரைக்கால் சட்டையை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார். ஆனால் அடுத்த நாளே வழி கண்டுபிடித்துவிட்டார்.

"இந்தத் தடவை எடை ஏறாதுடி. கிறிஸ்துமஸ் வரைக்கும் நோன்பு இருக்கப்போறேன். கறி கிடையாது, முட்டை கிடையாது, பால் கிடையாது. அப்புறம் சதை எங்கேருந்து வரும்?"

"வாயிலேருந்துதான் வரும்," என்றாள் தேசா. "பேசாம தினமும் ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வாங்களேன்."

"இந்தக் குளிர்லயா? என்னைக் கொல்லணும்னு பாக்கறியா?"

கோயில் மணி அடித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிற ஆள் இவர். கடவுளுக்கும் இவருக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. இப்போது அரைக்கால் சட்டைக்காக நோன்பு! அதையும் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். காலையில் பாதி ரொட்டி, அதன்மேல் விரற்கடை உயரத்துக்கு மிளகாய்ப்பழ விழுது. மதியம் எண்ணெயில் நீந்துகிற அவரைக்கொட்டை, கூடவே மீதிப் பாதி ரொட்டி. சாயங்காலம் எள்ளு அல்வா. வெண்ணெய்தானே கூடாது என்று தாவர எண்ணெயில் செய்த மார்கரின் போட்டுச் செய்த வால்நட் கேக். பிளம் பழச் சாராயமும் நோன்புக்கு ஆகும், மரத்தில் காய்ப்பதுதானே! மிருகத்திடமிருந்து வராத எதுவும் உடம்பில் ஒட்டாது என்பது ஐயாவின் விஞ்ஞானம். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இதே விஞ்ஞானத்தை நம்பித்தான் மூச்சு வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

நோன்பின் நடுவே புனித நிக்கோலா திருநாள் வந்தது. பக்கத்து ஊர்க் கால்பந்துக் குழுவின் தலைவர் விதோமிர் வீட்டுக்குக் குலப் புனிதர் அவர்தான். இந்தத் திருநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவன் தானாக வருவான். வந்தவனுக்கு வாசலில் இனிப்புக் கோதுமை ஒரு கரண்டி, உள்ளே சாப்பாடு, கடைசியில் காப்பி. அந்தக் கடைசிக் காப்பிக்கு விரட்டுக் காப்பி என்று பெயர். போய் வா என்று எந்த வீட்டுக்காரனும் வாயால் சொல்ல மாட்டான். கோப்பை வந்துவிட்டதென்றால் குடித்துவிட்டுத் தொப்பியை எடுக்க வேண்டியதுதான்.

ராதோயே மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். விதோமிரின் மனைவி மிலேவா பொரித்த கெண்டை மீனைக் கொண்டுவந்து தட்டில் சரித்தாள்.

"மீன் நோன்புக்கு ஆகும்ணே, தைரியமா சாப்பிடுங்க. இன்னொரு துண்டு?"

"சரி, ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணு வச்சா வீட்டுக்கு ஆகாதே! இந்தாங்க, ரெண்டா இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு அட்டையை எவன் மூஞ்சிக்கும் நேராக நீட்டுகிற கை, ஒரு பெண்பிள்ளை தட்டோடு வந்து நின்றால் மடியில் சுருண்டுகொள்ளும். வேண்டாம் என்கிற சொல் அவர் தொண்டையில் உற்பத்தியே ஆகாது. அவர் தின்னத் தின்ன மற்ற விருந்தாளிகளுக்கு ஒவ்வொருவராகக் காப்பி வந்தது, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ராதோயேவுக்கு மட்டும் காப்பி வரவில்லை, கேக்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்ற முடியாமல் தேசாவிடம் காலை நீட்டிக்கொண்டு பெருமை வேறு அடித்தார்.

"எனக்கு அந்த வீட்ல காப்பியே குடுக்க மாட்டாங்க, தெரியுமா? என்னை அனுப்ப அவங்களுக்கு மனசு வராது. மனுஷன்னா அப்படி மரியாதை சம்பாதிக்கணும்."

"மார்ச்ல அவங்க டீமுக்கு யார் விசில் ஊதப்போறாங்க?" என்று கேட்டுக்கொண்டே தேசா பூட்ஸைப் பிடுங்கினாள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உனக்குப் பொறாமை."

கிறிஸ்துமஸ் வந்தது. இவ்வளவு நாள் வாயைக் கட்டிய மகான் அல்லவா, நோன்பு முடித்து ஒரு பன்றிக்குட்டியின் பின்பாதியை ஒரே மூச்சில் ஒழித்தார். ஜனவரியில் இன்னும் இரண்டு புனிதர்களின் திருநாட்கள். அதற்குள் சோபாவுக்கே நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது.

தேர்வு நாளன்று அரைக்கால் சட்டையை ஊக்குப் போட்டு நிறுத்திக்கொண்டு ஓடினார். முதல் சுற்று எப்படியோ ஒப்பேறியது. இரண்டாவதில் ஊக்குத் தெறித்தது. ஒரு கையில் அரைக்கால் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது சுற்றை ஆரம்பித்தவர், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவரோடு சேர்ந்து நடுவரானவர்கள் எல்லாம் தாண்டித் தாண்டிப் போனார்கள். பயிற்சியாளர் ஒருவர் வந்து தோளைத் தட்டி, "போதும் ராதோயே, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தார். விசில் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவரே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அழுதார்.

"நோன்பு என்னை ஏமாத்திடுச்சு," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தின்றதைத் தவிர எல்லாவற்றின் மேலும் குற்றம் சொன்னார், கோதுமை உட்பட.

அடுத்த டிசம்பரில் புனித நிக்கோலா திருநாளன்று ராதோயே முகச்சவரம் செய்து, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டார். தேசா வாசலை மறித்தாள்.

"இந்த வருஷம் போகத்தான் வேணுமா?"

"என்னடி இப்படிக் கேக்கற? காத்துட்டு இருப்பாங்க."

விதோமிர் கை குலுக்கினார். வாசலில் கோதுமை ஒரு கரண்டி கிடைத்தது. உள்ளே மேசையின் தலைமாட்டில் ஒல்லியாக, உயரமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். சங்கம் அனுப்பிய புது நடுவர். அவன் தட்டில் மிலேவா கெண்டை மீனைச் சரித்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு துண்டு, நடுவரய்யா. ஒண்ணு வச்சா வீட்டுக்கு ஆகாது."

ராதோயே கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்தார். மீன் சூப் ஒரு கிண்ணம் வந்தது. அதைக் குடித்துவிட்டுக் கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டு காத்திருந்தார். அடுத்து மிலேவா அவரிடம் வந்தாள். கையில் காப்பி.

"மிலேவா, நான் இன்னும் மீனே சாப்பிடலையேம்மா."

"அடடா! வெளியில குளிருதேண்ணே, சூடா குடிங்க. உங்களுக்கு வேற தூரம் நடக்கணும்."

தலைமாட்டில் ஏதோ சிரிப்பு. ராதோயே கோப்பையைக் கீழே வைக்காமல் ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு பொசுங்கியது. தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்த தேசா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன, அதுக்குள்ள?"

"காப்பி குடுத்துட்டாங்க."

ஒரு வருஷமாக நாக்கில் தீட்டி வைத்திருந்தது அத்தனையும் தேசாவுக்கு வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள், விழுங்கிவிட்டாள். அவராகவே பூட்ஸைக் கழற்றி அடுப்பருகில் வைத்தார். அவள் எண்ணெய் மினுக்குகிற அவரையை ஒரு தட்டு நிறையப் போட்டு, ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

"வேணாம்," என்றார் ராதோயே.

அந்தக் குளிர்காலத்தில் அவர் எடை ஒரு கிலோகூட ஏறவில்லை.