கடலுக்குள் நின்ற மூன்றாவது கல்

காலை 6.20. தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் வண்டியில் ஏறும்போதே எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்னையில் இருக்கும் என் தங்கை ஜெயா, ஓய்வுக்குப் பிறகு வீடு கட்ட, மணப்பாட்டுக்கு வடக்கே ஒரு மீனவர் ஊரில் இருபது சென்ட் பார்த்திருந்தாள். பார்த்தது போனில் வந்த படத்தை மட்டும்தான்; நேரில் பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினாள். விலை அக்கம்பக்கத்தில் பாதி. தரகர் இரண்டு முறை நாள் மாற்றிவிட்டு, "காலைல ஒம்பது மணிக்கு வந்துருங்க டீச்சர், அதுக்கு மேல வேண்டாம்" என்றார். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டி, திருச்செந்தூரில் வண்டி மாறி, 8.50க்கு இறங்கினேன். தரகர் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். வெள்ளை மணல், இரண்டு சர்வே கல், மூன்று பனை. படத்தில் ஐந்து பனை இருந்தது.

"மத்த ரெண்டும் எங்க?"

"காத்துல விழுந்துட்டு, டீச்சர்."

விழுந்த இடத்தில் குழிகூட இல்லை.

"கடல் ஏறி வருதுன்னு சொல்லுதாங்களே?"

"அதெல்லாம் பேப்பர்காரன் எழுதுதான்."

பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "டீச்சர், நாலு கல்லையும் காட்டச் சொன்னீங்களா?"

"ஏளா, நீ ஒன் சோலியப் பாரு!" என்றார் தரகர்.

எனக்கு அவள்மேலும் சந்தேகம்தான். வருகிறவர்களை விரட்டிவிட்டு, இன்னும் மலிவாகத் தானே வாங்கப் பார்க்கிறாளோ?

அவள் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கடலுக்குள் நடந்தாள். இடுப்பளவு தண்ணீரில் காலால் துழாவி, எதன்மேலோ ஏறி நின்றாள். இப்போது தண்ணீர் முழங்கால் அளவுதான்.

"இது மூணாவது கல்லு. நாலாவது அந்தா, அங்கன. நான் நிக்கிற இடத்துக்கும் உங்களுக்கும் நடுவுலதான் எங்க வீடு இருந்துச்சு. பதினோரு மணிக்கு வந்து பாருங்க, நீங்க நிக்கிற மண்ணும் நனைஞ்சிருக்கும்."

"அப்போ நிலம் யாரோடது?"

"எங்களுதுதான். விக்கிறது என் வீட்டுக்காரரு."

நான் திகைத்துப்போனேன். கரையேறிச் சேலையைப் பிழிந்தபடி சொன்னாள்: "அவருக்குக் கோவம் வரும், வரட்டும். நீங்களும் ஒரு வீடு கட்டுவீங்க, அதையும் தண்ணி கொண்டுபோவும். நான்தான இங்கன இருந்து பாக்கணும்? ஒண்ணு போனதப் பாத்ததே போதும் டீச்சர்."

தரகர் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பேருந்துக்கு நடந்தே வந்தேன்.

நிறுத்தத்திலிருந்து ஜெயாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் பக்கத்துல வந்து இருக்கிறது உனக்குப் பிடிக்கல, அதான" என்றாள். கோபிக்க முடியவில்லை. காலையிலிருந்து நானும் எல்லாரையும் அப்படித்தான் பார்த்திருந்தேன்.

பிற்பகல் 2.15க்குத் தூத்துக்குடி. எங்கள் தெரு கடற்கரையில் போய் முடிகிறது. இருபத்தாறு வருடம் அங்கே இருந்தும் இதை நான் செய்ததில்லை: வாசலிலிருந்து தண்ணீர் விளிம்புவரை எண்ணிக்கொண்டே நடந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி. நிறையத்தான் இருக்கிறது என்று நிம்மதியாகத் திரும்பிவந்து கணவரிடம் சொன்னேன்.

"போன வருசம் எத்தன இருந்துச்சு?" என்று கேட்டார்.